ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்

(கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் பேசியது)



பத்தாம் ஆண்டு விழாவுல ஆளுக்கு ஒரு தலைப்புல பேசணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. ஆடு வளர்ப்பு, மசாலா அரைக்கிறது, பாய் பின்றதுன்னு எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. என்கிட்ட வந்தப்ப, "நீ பட்ட பாட்டைச் சொல்லு, அதுதான் மத்தவங்களுக்கு உதவும்"னு சொல்லிட்டாங்க. நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவ. சட்டம் படிச்சவ இல்லை. ஆனா கட்டட வேலையில காசு மாட்டிக்கிட்டா என்ன ஆகும், அதுக்கு நியாயம் எங்க கிடைக்கும்ங்கிறதை அனுபவப்பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

எங்க வீட்டுக்காரர் கொத்தனார். அவரோட தாத்தா காலத்துல இருந்தே இதுதான் தொழில். நம்ம பக்கத்துல நகரத்தார் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின கை அது. இன்னைக்கும் அந்தச் சுவரு கண்ணாடி மாதிரி இருக்கு. அந்தக் காலத்து வீடுகள்ல வேலை நடந்தா, கணக்குப்பிள்ளை ஒருத்தர் உட்கார்ந்து வந்த சாமானையும் கொடுத்த கூலியையும் எழுதுவாராம். எங்க வீட்டுல கைவேலை மட்டும் பரம்பரையா வந்துச்சு. அந்தக் கணக்கு எழுதுற பழக்கம் வரலை. அங்கதான் நாங்க அடிபட்டோம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அரசுக் கட்டடத்துக்குக் காம்பவுண்டு சுவர் வேலை. டெண்டர் எடுத்தவர் ஒரு ஒப்பந்தக்காரர். அவர் பேரு இங்க வேண்டாம். அவர்கிட்ட இருந்து எங்க வீட்டுக்காரர் சாமானும் கூலியும் சேர்த்து வாய்ப்பேச்சுல வேலையை எடுத்தாரு. சுவரோட நீளம் 160 அடி. எஸ்டிமேட்படி வானம் இரண்டரை அடி ஆழம் தோண்டி, 2 அடி அகலத்துக்குக் கருங்கல் கட்டு வைக்கணும். தோண்டிப் பார்த்தா அது பழைய ஊருணிக் கரை. மண்ணு பொதபொதன்னு இருக்கு. பார்வையிட வந்த அதிகாரி, "இதுல நிக்காது, 4 அடி போங்க"ன்னு சொன்னாரு. ஒப்பந்தக்காரரும், "செய்ங்க மேஸ்திரி, பில்லுல சேர்த்துக்கலாம்"னாரு. அவ்வளவுதான் பேச்சு. யாரும் யாருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்கலை.

கூடுதலா ஒன்றரை அடி. கேட்கச் சின்னதாத்தான் இருக்கும். 160 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம்னா 480 கன அடி. கல்லு, சிமெண்ட், எம்-சாண்ட், கூலி எல்லாம் சேர்த்து கன அடிக்கு 185 ரூபாய். மண் தோண்ட 15 ரூபாய். ஆக கன அடிக்கு 200. மொத்தம் 96,000 ரூபாய். இந்தக் கணக்கையே நான் பின்னாடிதான் போட்டுப் பார்த்தேன்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சு? நம்ம குழுவுல நான் வாங்கின கடன் 50,000. என் தோடும் சங்கிலியும் அடகு வச்சு 30,000. கல்லு கொடுத்தவர்கிட்ட பாக்கி 16,000. வேலை முடிஞ்சு காசு கேட்டப்ப ஒப்பந்தக்காரர் சொன்னாரு: "எஸ்டிமேட்டுல இரண்டரை அடிதான் இருக்கு. அதுக்கு உள்ளதைக் கொடுத்துட்டேன். மீதிக்கு எனக்கே பில் ஆகலை, நான் எங்க போறது?"

எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டுல கையை வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாரு. "தொழில்ல இதெல்லாம் சகஜம், விடு"ன்னாரு. அவர் விடலாம். நான் எப்படி விடுறது? குழுக் கடன்ல மாசம் 2,500 அசலும் வட்டியும் கட்டணும். மூணு மாசம் என்னால கட்ட முடியலை. வங்கிக்குத் தவணை தவறக் கூடாதுன்னு மத்த 11 பேரும் தங்களோட சேமிப்புல இருந்து போட்டுக் கட்டினாங்க. ஒரு அக்கா கன்னுக்குட்டி வாங்க வச்சிருந்த காசு அது. யாரும் என்னை ஒரு சொல்லு சொல்லலை. ஆனா குழுக்கூட்டத்துல தீர்மானப் புத்தகத்தை எழுதுறவளே நான்தான். "இம்மாதம் தவணை செலுத்தாதவர்"னு என் பேரை என் கையாலயே மூணு தடவை எழுதினேன். அதுக்கு மேல ஒரு தண்டனை தேவையில்லை.

நாலாவது மாசம் ரெண்டு ஆட்டை வித்துத் தவணையைத் தொடர்ந்தேன். அந்தச் சமயத்துலதான் காரைக்குடியில சட்ட விழிப்புணர்வு முகாம்னு கூட்டமைப்புல கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு வக்கீல் அம்மா பேசினாங்க. கூட்டம் முடிஞ்சதும் நான் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன். முதல் கேள்வியே, "எழுத்துல என்ன இருக்கு?"ன்னு கேட்டாங்க.

எழுத்துல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. வேலை நடந்துக்கிட்டு இருந்தப்ப ஒரு நாள் சோறு கொண்டு போனேன். ஆழம் கூடிப்போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் புலம்பினாரு. நமக்குத்தான் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குற பழக்கம் உண்டே. பையில குழுவோட ரஃப் நோட்டு இருந்துச்சு. டேப்பைப் பிடிச்சு அளந்து, தேதி போட்டு, "ஆழம் 4 அடி, அகலம் 2 அடி, நீளம் 100 அடி"ன்னு எழுதினேன். டேப்பை வச்சபடியே போன்ல நாலு போட்டோ எடுத்தேன். அங்க நின்ன ஒப்பந்தக்காரரோட சூப்பர்வைசர்கிட்ட, "ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே"ன்னேன். அவரும் சிரிச்சுக்கிட்டே போட்டுட்டாரு. ஏன் 100 அடிதான் எழுதினேன்? மீதி 60 அடிக்கு முந்தின நாளே மண்ணு மூடிட்டாங்க. கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தானே அளக்க முடியும்?

அந்த நோட்டைக் காட்டினதும் வக்கீல் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. "இது போதும், பேச்சைத் தொடங்கலாம்"னாங்க. நான் கேட்டேன், "அரசாங்க வேலைதானே, அரசாங்கத்து மேலயே கேஸ் போடலாமா?" அவங்க சொன்னாங்க: "உங்க ஒப்பந்தம் ஒப்பந்தக்காரரோட. அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டவர் அவர். அதனால நீங்க அவரைத்தான் கேட்கணும், அவர் அரசாங்கத்தைக் கேட்கணும்." இது ஒரு சங்கிலி. மேல இருக்குற வளையத்துல எழுத்து இல்லைன்னா கீழ இருக்குற நம்ம வரைக்கும் காசு வராது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் மனுப் போடச் சொன்னாங்க. வெள்ளைத்தாள்ல எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அந்த வேலையோட எஸ்டிமேட்டும் அளவுப் புத்தகத்தோட நகலும் கேட்டோம். அளவுப் புத்தகத்தைத்தான் எம்.புக்குனு சொல்றாங்க. அரசு வேலையில எவ்வளவு நடந்துச்சுன்னு அளந்து அதுலதான் ஏத்துவாங்க. அதுல ஏறினதுக்குத்தான் பில். மனுவுக்கு 30 நாளுக்குள்ள பதில் கொடுக்கணும்ங்கிறது சட்டம். நகல் வந்துச்சு. அதுல ஆழம் இரண்டரை அடின்னுதான் இருந்துச்சு. ஒப்பந்தக்காரர் சொன்னது பொய் இல்லை. அவரும் அதிகாரிகிட்ட எழுதி வாங்கலை. அவர் ஏமாந்த இடத்துலதான் நாங்களும் ஏமாந்திருக்கோம்.

அப்ப எனக்கு ஒரு சந்தேகம். "அம்மா, எழுதி வாங்காதவுகளுக்கு நியாயமே கிடையாதா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவங்க ரெண்டு பழைய வழக்கைச் சொன்னாங்க. அந்த ரெண்டையும் நான் மறக்கவே மாட்டேன்.

முதல் வழக்கு வங்காளத்துல நடந்தது. 1944-ல பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ்னு ஒரு ஒப்பந்த நிறுவனம், அரசாங்கத்தோட சிவில் சப்ளைஸ் துறைக்காக ஆரம்பாக்ங்கிற ஊர்ல கிடங்குக் கொட்டகை, மண் ரோடு, காவல் அறை, சமையல் கட்டுன்னு கட்டிக் கொடுத்தாங்க. அதிகாரிகள் கேட்டுத்தான் கட்டினாங்க. ஆனா அரசு ஒப்பந்தம் எப்படி எழுதப்படணும்னு சட்டம் சொல்லுதோ அந்த முறைப்படி எழுதலை. இப்பவும் அரசியலமைப்புச் சட்டம் 299-வது பிரிவுப்படி மாநில அரசோட ஒப்பந்தம் ஆளுநர் பேரால, அதிகாரம் உள்ளவர் கையெழுத்தோட இருக்கணும். அதனால காசு கிடையாதுன்னு அரசு சொல்லிருச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 70-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. இனாமாச் செய்யணும்ங்கிற எண்ணம் இல்லாம, சட்டப்படி ஒருத்தர் ஒரு வேலையைச் செய்து, மத்தவர் அதோட பலனை அனுபவிச்சா, அனுபவிச்சவர் ஈடு கொடுக்கணும்னு அது சொல்லுது. அந்தப் பிரிவுப்படி அரசு பணம் கொடுக்கணும்னு 1961-ல தீர்ப்பு வந்துச்சு.

கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கலை. வக்கீல் அம்மா சிரிச்சாங்க. "வேலை நடந்தது 1944, தீர்ப்பு 1961. பதினேழு வருஷம். நீங்க குழுத் தவணைக்குப் பதினேழு வருஷம் தவணை கேட்பீங்களா?"ன்னாங்க.

ரெண்டாவது வழக்கு செங்கல் வழக்கு. தவார்தாஸ் பேருமல்னு ஒரு ஒப்பந்தக்காரர், சுதந்திரத்துக்கு முந்தி, மத்தியப் பொதுப்பணித் துறைக்கு இரண்டரைக் கோடி சுட்ட செங்கல் கொடுக்க ஒப்புக்கிட்டாரு. துறை குறிச்ச நேரத்துல செங்கலை எடுத்துட்டுப் போகலை. சூளை காலி ஆகலை. அதனால அடுத்துச் சுட வேண்டிய 88 லட்சம் பச்சைக்கல் வெளியவே கிடந்து மழையில கரைஞ்சு போச்சு. தப்பு யாரோடது? துறையோடது. நடுவரும் அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னாரு. ஆனா ஒப்பந்தத்துல, சுடாத கல்லுக்கு எந்தக் காரணத்தால சேதம் வந்தாலும் துறை பொறுப்பில்லைன்னு ஒரு நிபந்தனை இருந்துச்சு. அவர் கையெழுத்துப் போட்ட நிபந்தனை. 1955-ல உச்ச நீதிமன்றம், இந்த நிபந்தனை இருக்கும்போது அந்த நஷ்ட ஈடு கேட்க முடியாதுன்னு சொல்லிருச்சு.

மழை வந்தா பச்சைக்கல்லு கரையும்ங்கிறது சூளை போடுற நமக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அந்த வரியைப் படிக்காம கையெழுத்துப் போட்டா அந்தக் கல்லு நம்ம கல்லுதான்.

முதல் வழக்குல எழுத்து இல்லை, நியாயம் கிடைச்சுச்சு, ஆனா காலம் போச்சு. ரெண்டாவதுல எழுத்து இருந்துச்சு, ஆனா அந்த எழுத்தே எதிரா நின்னுச்சு. எழுதவும் வேணும், எழுதினதைப் படிக்கவும் வேணும்.

சரி, எங்க கதை எப்படி முடிஞ்சுச்சுன்னு சொல்றேன். சட்டப் பணிகள் குழுவுல மனுக் கொடுத்தோம். அங்க வக்கீலுக்குக் காசு கிடையாது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை, யாரா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டம் அது. ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு, எங்க வீட்டுக்காரர் அதுக்குள்ள வந்தாரு. ஒப்பந்தக்காரருக்கு நோட்டீஸ் போச்சு. மக்கள் நீதிமன்றத்துல எதிரும் புதிருமா உட்கார்ந்து பேசினோம். அவர் முதல்ல, "வாயால சொன்னதுக்கெல்லாம் காசா?"ன்னாரு. நோட்டை எடுத்து வச்சேன். போட்டோவைக் காட்டினேன். தன் ஆளோட கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாரு, "இந்த 100 அடியை ஒத்துக்கிறேன் தங்கச்சி. மீதி 60 அடி எவ்வளவு ஆழம்னு நானும் பார்க்கலை, நீங்களும் எழுதலை. அதுக்கு நான் எப்படிக் கொடுக்குறது?"

தோண்டிப் பார்க்கலாமான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. சுவரு ஏறி நிக்குது. தோண்டுனா சுவருக்கு ஆபத்து, அதுக்கு ஆகுற செலவு வேற. கடைசியில 100 அடிக்கு 300 கன அடி, 60,000 ரூபாய்னு முடிஞ்சுச்சு. அந்த உத்தரவு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அப்பீல் கிடையாது. ரெண்டு தவணையா முழுசும் கொடுத்துட்டாரு.

காசு வந்த அன்னைக்கே குழுவுக்குப் பட்ட 7,500 ரூபாயையும் வட்டியையும் கட்டினேன். அந்த அக்கா கன்னுக்குட்டி வாங்கினாங்க, இப்ப அது சினையா இருக்கு. கல்லுக்காரருக்கு 16,000 கொடுத்தோம். நகையைத் திருப்பினோம். அதோட சரியாப் போச்சு. மீதி 36,000 ரூபாய் இன்னைக்கும் அந்தச் சுவருக்கு அடியில மண்ணுக்குள்ளதான் இருக்கு. அந்த ரோட்டுல பஸ்ஸுல போறப்ப எல்லாம் எங்க வீட்டுக்காரர் சன்னல் பக்கம் திரும்பி அந்தச் சுவரைப் பார்ப்பாரு. "நல்லாத்தான் நிக்குது"ம்பாரு.

எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லும், "ஆத்துல போட்டாலும் அளந்து போடுடி"ன்னு. ஆத்துல போடுறதை எதுக்கு அளக்கணும்னு அப்ப சிரிச்சேன். மண்ணுக்குள்ள போட்டதை அளக்காம விட்டப்பதான் அதோட அர்த்தம் புரிஞ்சுச்சு.

இதுக்கு அப்புறம் எங்க குழுவுல ஒரு தீர்மானம் போட்டோம். யார் வீட்டுல கட்டட வேலை எடுத்தாலும், வேலை கொடுத்தாலும், வேலை தொடங்குறதுக்கு முந்தி ஒரு பக்கத்துக்கு எழுதிக் கூட்டத்துல படிக்கணும். அதுல ஆறு விஷயம் இருக்கணும். ஒண்ணு, யார் யாருக்குச் செய்யுறது. ரெண்டு, என்ன வேலை, நீளம் அகலம் ஆழம் எவ்வளவு. மூணு, கன அடிக்கோ சதுர அடிக்கோ என்ன ரேட்டு. நாலு, சாமான் யார் வாங்குறது. அஞ்சு, எந்த வேலை முடிஞ்சா எவ்வளவு காசு. ஆறு, கூடுதல் வேலை வந்தா தொடங்குறதுக்கு முன்னாடியே எழுத்துல வரணும், வாட்ஸ்அப்புல ஒரு வரியானாலும் சரி. அத்தோட, மண்ணு மூடுறதுக்கு முந்தியும், கம்பி கட்டிக் கான்கிரீட் போடுறதுக்கு முந்தியும், பூசுறதுக்கு முந்தியும் அளந்து, போட்டோ எடுத்து, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடணும். மூடினதுக்கு அப்புறம் எந்த வக்கீலாலயும் அளக்க முடியாது.

இது வேலை எடுக்குறவங்களுக்கு மட்டும் இல்லை. இப்ப கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடி வீடு நம்ம உறுப்பினர்கள் பல பேர் கட்டுறீங்க. அரசு கொடுக்குற மூணரை லட்சத்தை நம்பித்தான் மேஸ்திரிகிட்ட வேலையை விடுறீங்க. அவருக்கும் உங்களுக்கும் இந்த ஒரு பக்கம் இருக்கட்டும். முழு வீட்டுக்கும் காசு வாங்கிட்டு ஒருத்தர் பாதியில போட்டுட்டுப் போனாலோ, மோசமாக் கட்டினாலோ, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டிக் கொடுக்குறதும் ஒரு சேவைதான்னு உச்ச நீதிமன்றம் 1993-லயே சொல்லியிருக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். செஞ்ச வேலைக்குக் கூலி கேட்டுச் சிவில் கோர்ட்டுக்குப் போறதா இருந்தா, வேலை முடிஞ்சதுல இருந்து மூணு வருஷம். அரசு மேலயே வழக்குன்னா பொதுவா ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். இந்தக் கெடுவை விட்டுட்டா நியாயம் நம்ம பக்கம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. சந்தேகம் இருந்தா 15100-க்குப் போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி எண்.

கடைசியா ஒண்ணு. அரசு வேலையைப் பொம்பளைங்க எடுக்க முடியுமான்னு சில பேர் கேட்கிறாங்க. நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில 1990-களோட தொடக்கத்துல, குவாரியில கூலிக்குக் கல்லுடைச்ச பெண்கள் குழுவுக்கே மாவட்ட நிர்வாகம் குவாரிக் குத்தகையைக் கொடுத்துச்சு. அதே காலத்துலதான் அங்க அறிவொளி இயக்கமும் நடந்துச்சு. கையெழுத்துப் போடவும் கணக்குப் பார்க்கவும் படிச்சவங்க குத்தகைக்காரங்களா ஆனாங்க. எழுத்தும் வேலையும் சேர்ந்து வந்தா நம்மால முடியும். டெண்டர் எப்படி நடக்கணும்னு 1998-ல தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமே இருக்கு. நம்ம கூட்டமைப்பும் ஒரு நாள் வேலை எடுக்கட்டும். ஆனா எடுக்குறதுக்கு முந்தி நிபந்தனைகளை ஒருத்தர் சத்தமாப் படிக்க, பத்துப் பேர் கேட்கணும். அந்த 88 லட்சம் கல்லை நினைச்சுக்கங்க.

போன மாசம் எங்க வீட்டுக்காரர் ஒரு புது வேலைக்குப் போனாரு. காலையில டிபன் பாக்ஸை எடுத்தாரு, மட்டக்கோலை எடுத்தாரு. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "அந்த நோட்டு எங்க?"ன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லலை. எடுத்துக் கொடுத்தேன்.